துவைக்கக் கூடாத இருபத்திரண்டு துணிகள்

சலவை அக்காவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் குட்டை நானே உடைக்க வேண்டியிருக்கிறது. உடைக்கிறேன். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார் என்பதால் நான்தான் சொல்லியாக வேண்டும்.

எங்கள் மழலைப் பள்ளியில் அவர் உதவியாளர். இருப்பவர்களிலேயே சின்னவர்களின் வகுப்புக்கு நான் ஆசிரியை. முறைப்படி நான் சொல்ல அவர் கேட்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதைவிட வேகமாக அருவருப்பு வரும். மேசையில் பென்சில் சீவிய தூள் ஒரு சிட்டிகை கிடந்தால் கூட எனக்குப் பாட்டு வராது, பாடம் வராது. அக்காவோ எந்தப் பிள்ளையின் மூக்கு ஒழுகினாலும் கைக்குட்டை தேடுவதில்லை, தன் சட்டைக் கையாலேயே துடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார். நாங்கள் இருவரும் ஒரே அறையில் எப்படிக் காலம் தள்ளினோம் என்று பெரிய டீச்சருக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

இத்தனைக்கும் அவர் பதினான்கு வருடம் ஒரு சலவைக் கடையில் வேலை பார்த்தவர். நீளமான மேசை, ஆவி பறக்கும் இஸ்திரிப் பெட்டி, சுவர் முழுக்கத் தொங்கும் அடுத்தவர் சட்டைகள். இடது முழங்கைக்குக் கீழே அந்தக் காலத்துச் சூட்டுத் தழும்பு ஒன்று இன்னும் இருக்கிறது. சட்டையில் குத்திய எண் சீட்டு விழுந்துவிட்டால் கடையில் மற்றவர்கள் தலையில் கைவைத்துக்கொள்வார்களாம். அக்கா சட்டையை ஒருமுறை முகர்ந்துவிட்டு, "இது பேங்க்காரரோடது. அது பல் டாக்டரோடது" என்று பிரித்துப் போட்டுவிடுவாராம். ஒருநாளும் தப்பியதில்லை என்று அவரே சொல்லுவார். நான் நம்பவில்லை. அப்புறம் ஒருநாள் என் மேல்கோட்டை முகர்ந்துவிட்டு, "பஸ்ஸுல ஜன்னல் ஓரம் கிடைக்கலையா டீச்சர்?" என்று கேட்டார். அன்றிலிருந்து நம்புகிறேன்.

பள்ளிக்கு அவர் வந்து சேர்ந்த கதையை எங்கள் காவலாளி வருடத்துக்கு ஒருமுறையாவது நடித்துக் காட்டுவார். அக்கா தன் மகளை முதல் நாள் கொண்டுவந்து விட்டார். மகள் திரும்பியே பார்க்காமல் உள்ளே ஓடிவிட்டாள். அக்காதான் கேட்டைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதிருக்கிறார். இரண்டாம் நாளும் அழுகை. மூன்றாம் நாள் காவலாளி நாற்காலி எடுத்துப் போட்டார். நான்காம் நாள் பெரிய டீச்சரே வெளியே வந்து, "இங்க நின்னு அழறத உள்ள வந்து அழுங்க. அழற பிள்ளைங்கள தூக்கி வச்சுக்க எனக்கு ஒரு ஆள் வேணும்" என்றாராம். அக்கா உள்ளே வந்தார். வந்தவர் போகவே இல்லை. மகள் படித்து முடித்து வேறு ஊரில் வேலைக்கே போய்விட்டாள். அக்கா மட்டும் இன்னும் அதே வகுப்பில்தான் இருக்கிறார்.

வேலையில் சேர்ந்தபோது அவர் போட்ட ஒரே நிபந்தனை, துணி துவைக்கச் சொல்லக் கூடாது என்பது. "இந்த ஜென்மத்துக்குப் போதுமான அளவு துவைச்சாச்சு" என்பார். திரைச்சீலை, மேசை விரிப்பு எல்லாம் வெளியேதான் போய்வரும்.

பள்ளி திறக்கும் முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் பெரிய டீச்சர் பத்து நிமிடம் பேசுவார், நான் ஐந்து நிமிடம் பேசுவேன், அக்கா அரை மணி நேரம் பேசுவார். பெற்றோர் தாளில் குறித்துக்கொள்வது அவர் பேச்சை மட்டும்தான்.

"யாரும் திருட்டுத்தனமா நழுவக் கூடாது. சொல்லிட்டுப் போங்க. அழுதாலும் பரவாயில்ல, சொல்லிட்டுத்தான் போகணும். மூணு மணிக்கு வரேன்னு சொல்லாதீங்க, அதுக்கு மணி பார்க்கத் தெரியுமா? சாப்பிட்டு, தூங்கி எழுந்து, ஒரு பாட்டு பாடினதும் வரேன்னு சொல்லுங்க. சொன்னா வந்துடணும். அப்புறம், நீங்க போட்டுக் கழட்டின துணி ஒண்ணு குடுங்க. அழுக்கா இருக்கணும். துவைச்சுக் கொண்டுவந்தா திருப்பி அனுப்பிடுவேன்."

ஒருமுறை ஒரு அப்பா, இஸ்திரி போட்டு மடித்த சட்டையைப் பெருமையாக நீட்டினார். அக்கா அதை வாங்கவே இல்லை. "இதுல உங்க வாசனை எங்க இருக்கு? கடைக்காரன் வாசனைதான் இருக்கு" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். மறுநாள் அவர் கசங்கிய பனியனோடு தலையைக் குனிந்துகொண்டு வந்தார்.

அந்தத் துணிகள் ஆளுக்கொரு டப்பாவில் போய் உட்காரும். இறுக்கமான மூடி போட்ட சாப்பாட்டு டப்பாக்கள். பிள்ளைகளுக்கு எழுத்து தெரியாதே, அதனால் மூடியில் படம் ஒட்டியிருக்கும். மீன், குடை, பூனை, படகு என்று இருபத்திரண்டு பேருக்கும் இருபத்திரண்டு படம். அழுகை வந்தால் பிள்ளையே அலமாரிக்குப் போய்த் தன் டப்பாவை எடுத்துக்கொள்ளலாம். பத்து எண்ணும்வரை முகரலாம். எண்ணி முடித்ததும் மூடிவிட வேண்டும், இல்லாவிட்டால் வாசனை தீர்ந்துவிடும். மூன்றரை வயதில் யாருக்குப் பத்துவரை எண்ணத் தெரியும்? "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து" என்று சொல்லிவிட்டு டக்கென்று மூடிவிட்டு விளையாடப் போவார்கள். இதென்ன பைத்தியக்காரத்தனம் என்றுதான் எனக்கு இருந்தது. ஆனால் அழுகை நிற்பதைக் கண்ணால் பார்க்கிறேனே, என்ன சொல்வது?

அந்த வருடம் பட்டன் வந்து சேர்ந்தாள். சட்டையின் மேல் பட்டனை எந்நேரமும் வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருப்பாள் என்பதால் அந்தப் பெயர். அவளுடைய அம்மா நர்ஸ் பயிற்சிக்குத் தூரத்து ஊருக்குப் போயிருந்தார். ஆறு மாதம், அங்கேயே விடுதியில் தங்க வேண்டும். அப்பாவுக்கு டயர் கடையில் வேலை. காலை எட்டரைக்குக் கொண்டுவந்து விட்டால் சாயங்காலம்தான் வருவார். பகலில் பார்த்துக்கொள்ள வேறு யாரும் இல்லை.

முதல் நான்கு நாள் பட்டன் பள்ளியில் ஒரு வாய் சாப்பிடவில்லை. பெரிய டீச்சர் அப்பாவைக் கூப்பிட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அப்பவும் சாப்பிடலேன்னா இந்த வருஷம் வேண்டாம், அடுத்த வருஷம் சேர்த்துக்கலாம்" என்று பக்குவமாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டன் வீட்டில் இருந்தால் அம்மா பயிற்சியை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அந்த இடத்துக்காக அவர் மூன்று வருடம் காத்திருந்தாராம்.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, பட்டன் தன் குடை டப்பாவைத் திறந்து, அம்மா கிளம்பும் முன்பே கொடுத்துவிட்டுப் போன பழைய பச்சைச் சட்டையை முகர்ந்தாள், மூடினாள். பிறகு பாதிச் சாப்பாடு சாப்பிட்டாள். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

இனி என் குட்டு.

அன்று மதியம் அக்கா பல் வலி என்று சீக்கிரம் கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை சுகாதார ஆய்வுக்கு ஆள் வருவதாகக் கடிதம் வந்திருந்தது. நான் அறையைத் துடைத்தேன், பொம்மைகளைக் கழுவினேன், அலமாரிக்கு வந்தேன். மீன் டப்பாவைத் திறந்தேன். யாரோ ஒரு அப்பா ஓடிவிட்டு வந்து கழற்றிப் போட்ட பனியன். மூக்கைப் பொத்திக்கொண்டேன். ஆய்வுக்கு வருகிறவர் இதைத் திறந்தால் என்ன எழுதுவார்? பள்ளிக்கூடம் என்று எழுதுவாரா, பழைய துணி மூட்டை என்று எழுதுவாரா? இருபத்திரண்டையும் ஒரு பையில் திணித்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சனிக்கிழமை முழுக்க வெந்நீரில் ஊறவைத்து, பூ மணம் வீசும் சோப்புத் தூள் போட்டு அலசி, காயவைத்து, இஸ்திரி போட்டு, முனைக்கு முனை மடித்து அடுக்கினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது.

திங்கள் காலை ஒன்பது பத்துக்கு முதல் அழுகை வந்தது. மீன் டப்பாக்காரன் போய்த் திறந்தான், முகர்ந்தான், நிமிர்ந்து என்னைப் பார்த்தான். கையும் களவுமாகப் பிடிபட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தான். பிறகு வாயைத் திறந்தான் பாருங்கள்! அதைக் கேட்டுப் பூனை டப்பா ஓடியது, படகு டப்பா ஓடியது. ஐந்தே நிமிடத்தில் அறை முழுக்க இருபத்தொரு தொண்டைகள். ஆய்வாளர் சரியாக அந்த நேரத்தில் உள்ளே வந்தார். காதைப் பொத்திக்கொண்டே ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அறை மிகவும் சுத்தமாக உள்ளது" என்று எழுதிக் கொடுத்துவிட்டு ஓட்டம் பிடித்தார்.

பட்டன் அழவில்லை. பச்சைச் சட்டையை முகர்ந்தாள். திருப்பிப் போட்டு உள்பக்கம் முகர்ந்தாள். கைப் பகுதியை முகர்ந்தாள். பிறகு மடித்து உள்ளே வைத்து, மூடி, இருந்த இடத்திலேயே டப்பாவை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அன்று அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அக்கா ஒரு துணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நல்லா துவைச்சிருக்கீங்க டீச்சர். ஒரு கறை இல்ல. கடையில இருந்தப்ப வந்திருந்தீங்கன்னா அன்னைக்கே வேலை குடுத்திருப்போம்."

"திட்டுங்க அக்கா. திட்டிடுங்க."

"திட்டினா வாசனை திரும்பி வருமா? இருபத்தொரு வீட்டுக்குச் சொல்லி அனுப்புங்க, நாளைக்கு வேற துணி வந்துடும். குடைக்குத்தான் என்ன பண்றதுன்னு தெரியல."

மாலையில் பட்டனின் அப்பா வந்தார். வீட்டில் அம்மா போட்டுக் கழற்றியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டோம். டயர் கறை படிந்த கையால் தலையைச் சொறிந்தார்.

"அவ கிளம்பின அன்னைக்கே எல்லாத்தையும் துவைச்சுட்டேன் அக்கா. தலையணை உறை, போர்வை, எதையும் விடல. நானே சமாளிச்சுடுவேன்னு அவகிட்ட காட்டணும்னு நினைச்சேன்."

"சரியாப் போச்சு. ஆளாளுக்கு இப்படித் துவைக்கக் கிளம்பிட்டா நான் எங்க போறது?" என்று அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

விடுதியில் ஐந்திலிருந்து ஆறுவரைதான் போன் பேச விடுவார்களாம். அப்பாவும் மகளும் வீட்டுக்குப் போனபிறகு நானும் அக்காவும் அலுவலக அறையில் காத்திருந்து பேசினோம். நான் செய்ததை நானே அந்த அம்மாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

"நான் நாளைக்குக் கிளம்பி வந்துடறேன் டீச்சர். இதெல்லாம் எனக்கு ஒத்து வராது."

அக்கா என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"பெட்டிய வெளிய எடுத்துட்டீங்களா? கட்டிலுக்கு அடியிலயே திருப்பித் தள்ளுங்க. நான் சொல்றதக் கேளுங்க. இப்ப போட்டிருக்கிற சட்டையக் கழட்டி, பிளாஸ்டிக் பையில போட்டு, இறுக்கிக் கட்டி நாளைக்குக் காலையில அனுப்பிடுங்க. சோப்பு பக்கமே போகக் கூடாது. அது பொண்ணுக்கு." குரல் தணிந்தது. "உங்களுக்கு என்னம்மா வேணும்?"

அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. அக்கா "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டே தன் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். கடைசியில் "சரிம்மா, அனுப்பறேன்" என்று வைத்துவிட்டு, சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார்.

"என்னக்கா?"

"அதுவும் அங்க சாப்பிடலையாம் டீச்சர்."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. பிள்ளை, பிள்ளை என்று நாங்கள் இத்தனை பேர் அலைந்தோம். அந்த அம்மாவும் ஒரு பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்தவர்தான் என்பது கேட்டைப் பிடித்து அழுத ஒருத்திக்குத்தான் தோன்றியது.

செவ்வாய்க்கிழமை பட்டன் வந்ததும் நேராகப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். அக்காவும் பக்கத்தில் போய்ச் சம்மணம் போட்டு அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"உங்கம்மா பள்ளிக்கூடத்துல அழறாங்களாம்."

பட்டன் திரும்பினாள். "அம்மா பெரியவங்க."

"பெரியவங்கதான். ஆனா புதுசு இல்ல?"

பட்டன் யோசித்தாள். "டப்பா எடுத்துக்கச் சொல்லுங்க."

"அவங்களுக்கு யாரு டப்பா குடுத்தா? பாவம், ஒண்ணும் இல்லாம உட்கார்ந்திருக்காங்க. உன் சட்டை ஒண்ணு கிடைக்குமான்னு கேட்டாங்க."

அவ்வளவுதான். பட்டன் எழுந்து நின்று தன் மஞ்சள் சட்டையை அங்கேயே கழற்ற ஆரம்பித்தாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டார்.

"பொறு பொறு. காலையில போட்ட சட்டையில என்ன இருக்கும்? செவுத்தப் பார்த்து உட்கார்ந்த சட்டையில செவுத்து வாசனைதான் இருக்கும். ஓடணும், மண்ணுல விளையாடணும், நல்லா சாப்பிடணும். அப்பத்தான் உன் வாசனை ஏறும். மூணு நாளாவது இதையே போடணும்."

பட்டன் முற்றத்துக்கு ஓடினாள். அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. வேலைக்குப் போகிற ஆள்போல் ஓடினாள். மணலில் புரண்டாள், சறுக்குமரத்தில் தலைகீழாக வந்தாள். மதியம் சோற்று டப்பாவைத் திறந்து ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள். தக்காளித் துண்டைக் கடித்தபோது சாறு நெஞ்சில் வழிந்தது. என் கை தானாகவே ஈரத் துணியைத் தேடியது. பாய்ந்து போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அது தபால் டீச்சர். தொடாதீங்க."

மூன்று நாள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். புதன்கிழமை அதில் நீலப் பெயிண்ட் சேர்ந்தது. வியாழன் காலை அந்தச் சட்டையைப் பார்த்தால் என்ன நிறம் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. பட்டன் மட்டும் அடிக்கடி கழுத்தை உள்ளே இழுத்து முகர்ந்து, "ஏறிடுச்சா?" என்று அக்காவிடம் கேட்பாள். அக்கா மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம்" என்பார். உடனே இன்னொரு வாய் சாப்பிடுவாள். பெரிய டீச்சர் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமைக் கெடுவைப் பற்றிய பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை.

அதே வியாழக்கிழமை அப்பா ஒரு பொட்டலத்தோடு வந்தார். உள்ளே விடுதியிலிருந்து வந்த சாம்பல் நிறச் சட்டை. பட்டன் அதைக் குடை டப்பாவில் வைத்து, முகத்தைப் புதைத்து, "ஒண்ணு, ரெண்டு, அஞ்சு, பத்து" என்று எண்ணிவிட்டு மூடினாள்.

"இன்னும் கொஞ்ச நேரம் வச்சுக்கோடா கண்ணு" என்றேன். குற்ற உணர்ச்சி என்னை விடவில்லை.

"தீர்ந்துடும் டீச்சர்" என்று எனக்குப் பொறுமையாக விளக்கினாள்.

மதியம் அப்பா கொண்டுவந்திருந்த வேறு சட்டையை அவளுக்குப் போட்டுவிட்டு, மஞ்சள் சட்டையைப் புது டப்பாவில் வைத்தோம். மேல் பட்டனில் பல் தடம் தெளிவாகத் தெரிந்தது. மூடியில் பட்டனே குடைப் படம் ஒன்றை ஒட்டினாள். பிறகு என் முகத்தைக் கொஞ்ச நேரம் சந்தேகமாகப் பார்த்தாள்.

"துவைக்கக் கூடாதுன்னு எழுதுங்க டீச்சர்."

எழுதினேன்.

"இன்னும் பெரிசா. அங்கேயும் உங்கள மாதிரி யாராவது இருப்பாங்க."

அக்கா சிரித்த சிரிப்பில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. எனக்கும் சிரிப்பு வந்தது, மானம் போனாலும் பரவாயில்லை என்று சிரித்தேன்.

அந்த அம்மா கிளம்பி வரவில்லை. ஆறு மாதமும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் வந்தார். வந்த அன்று வீட்டுக்குப் போகாமல், கையில் பெட்டியோடு நேராகப் பள்ளி வாசலுக்கு வந்தார். பட்டன் அவர் மேல் ஏறித் தொங்கியதை நான் எழுதப் போவதில்லை, எழுதினால் எனக்கு இங்கே காகிதம் நனைந்துவிடும். ஒரு கையால் அவளைப் பிடித்துக்கொண்டே இன்னொரு கையால் டப்பாவை எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

அக்கா திறந்து முகர்ந்தார். "இதுல ஒண்ணுமே இல்லையேம்மா."

"ரெண்டாவது மாசமே தீர்ந்துடுச்சு அக்கா. ஆனாலும் துவைக்கல. விடுதியில ரெண்டு தடவை சலவைக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மேல எழுதியிருந்ததப் பார்த்துத் திருப்பி வச்சுட்டாங்க."

"இனிமே துவைக்கலாம்" என்றார் அக்கா.

நான் கையை நீட்டினேன். இது என் வேலைதானே என்று நினைத்தேன். அக்கா கொடுக்கவில்லை. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொண்டு குழாயடிக்குப் போய் உட்கார்ந்தார். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து ஒரு கைக்குட்டைகூடத் துவைக்காதவர், அந்தச் சின்னச் சட்டையைத் தேய்த்து, அலசி, நீலப் பெயிண்டை எடுத்து, மண்ணை எடுத்து, உதறிக் கொடியில் போட்டார். மஞ்சள் நிறம் திரும்பியிருந்தது. நெஞ்சில் தக்காளிக் கறை மட்டும் லேசாக இருந்தது.

"அது போகலையே அக்கா?" என்றேன். பழக்கதோஷம்.

"போகும் டீச்சர். நான்தான் விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.